ஒட்டாத பிலிமை ஒட்டவைக்கும் பிளாஸ்மா

பாலிடெட்ராஃப்ளூரோஎத்திலீன் என்ற நீண்ட வேதிப்பெயரைவிட டெஃப்லான் என்ற வணிகப் பெயரே உலகெங்கும் பழகிவிட்டது. அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தின் நியூஜெர்சி ஆய்வகத்தில் 1938 ஏப்ரல் 6ஆம் தேதி ராய் பிளங்கெட் இதைக் கண்டறிந்தார். குளிர்பதன வாயு ஆய்வுக்காக ஓர் உருளையில் டெட்ராஃப்ளூரோஎத்திலீன் வாயு அடைத்து வைக்கப்பட்டிருந்தது. வால்வைத் திறந்தபோது வாயு வரவில்லை. உருளையின் எடையோ குறையவில்லை. அறுத்துப் பார்த்தால் உள்ளே வழுவழுப்பான வெள்ளைத் தூள். வாயு மூலக்கூறுகள் தாமாகவே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நீண்ட சங்கிலிகளாகியிருந்தன.

அந்தச் சங்கிலியின் நடுவே கார்பன் அணுக்கள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைச் சுற்றி ஃப்ளூரின் அணுக்கள் இடைவெளியின்றி மூடியிருக்கின்றன. கார்பனுக்கும் ஃப்ளூரினுக்கும் இடையிலான பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 485 கிலோஜூல் ஆற்றல் வேண்டும். கரிம வேதியியலில் காணப்படும் மிக உறுதியான ஒற்றைப் பிணைப்புகளில் இது ஒன்று. ஃப்ளூரின் தன் எலக்ட்ரான்களை மிக இறுக்கமாகப் பிடித்து வைத்துக்கொள்வதால், அருகில் வரும் வேறு மூலக்கூறுகளைக் கவர்ந்திழுக்க அதற்கு ஏறத்தாழ வலுவே இருப்பதில்லை. டெஃப்லானில் எதுவும் ஒட்டாமல் போவதற்கு இதுதான் காரணம். எண்ணெய், மாவு, தண்ணீர், பெயின்ட், பசை என்று எது பட்டாலும் கதை ஒன்றுதான்.

நான்ஸ்டிக் தவாவுக்கு இந்தக் குணம் வரம். ஆனால் டெஃப்லானையும் அதன் உறவுப் பாலிமர்களையும் பயன்படுத்தும் பெரும்பாலான இடங்களில் அதன் ஒரு பக்கம் மட்டும் ஒட்டாமல் இருந்தால் போதும்; மறுபக்கம் வேறொரு பொருளோடு கெட்டியாகப் பிடித்திருக்க வேண்டும். மருந்தை முன்கூட்டியே நிரப்பி விற்கும் சிரிஞ்சுகளில் ரப்பர் அடைப்பானின் மேல் ஒரு மெல்லிய ஃப்ளூரோபாலிமர் பிலிம் போர்த்தப்படுகிறது. ரப்பரிலுள்ள வேதிப்பொருட்கள் மருந்தில் கலக்காமல் அது தடுக்கிறது. பிலிம் ரப்பரைவிட்டுப் பிரிந்தால் பயனே இல்லை. அமிலத் தொட்டிகளின் உள்பூச்சுக்கும் ஒருபக்கம் பசை தடவிய டெஃப்லான் டேப்புக்கும் இதே தேவை உண்டு. ரேடாரிலும் கைப்பேசிக் கோபுர ஆன்டெனாவிலும் அமைந்த உயர் அதிர்வெண் சர்க்யூட் போர்டுகளில் டெஃப்லானின் மேல் செம்பு பற்ற வேண்டும். போர்டில் துளையிட்ட ஓட்டைகளின் உட்சுவரிலும் செம்பு முலாம் பிடிக்க வேண்டும். டெஃப்லான் அளவுக்கு முரண்டு பிடிக்காவிட்டாலும் பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் பிலிம்களும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதாம். வெறும் பாலிஎத்திலீன் பிலிமில் பால் பாக்கெட்டை அச்சடித்தால் மை நகத்தோடு வந்துவிடும்.

ஒரு பசை ஒட்ட வேண்டுமானால் முதலில் அது பரப்பின்மேல் பரவ வேண்டும். துளித்துளியாகத் திரண்டு நின்றால் தொடும் இடம் குறைவு. நுண்ணிய பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். திரவம் பரவுமா, திரளுமா என்பதைத் திரவத்தின் பரப்பு இழுவிசையும் திடப்பொருளின் பரப்பு ஆற்றலும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. துளியின் விளிம்பு பரப்போடு உண்டாக்கும் சேர்கோணத்தை இவற்றோடு இணைத்து விளக்கியவர் தாமஸ் யங், ஆண்டு 1805. தண்ணீரின் பரப்பு இழுவிசை 20 டிகிரி செல்சியஸில் மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன். எப்பாக்ஸிப் பசைகளுக்குப் பொதுவாக 40க்கு மேல். டெஃப்லானின் பரப்பு ஆற்றலோ அதே அலகில் வெறும் 18 முதல் 20 வரைதான். பாலிஎத்திலீனுக்கும் பாலிப்ரொப்பிலீனுக்கும் அது 30ஐ ஒட்டியிருக்கும். திரவத்தின் எண் திடப்பொருளின் எண்ணைவிடக் கூடுதலாக இருந்தால் திரவம் பரவ மறுக்கும். டெஃப்லானின் மேல் தண்ணீர்த் துளி ஏறக்குறைய 110 டிகிரி சேர்கோணத்தில் உருண்டு நிற்பது இதனால்தான்.

பரவிவிட்டால் மட்டும் போதுமா என்றால் போதாது. சுவரில் பழைய சுண்ணாம்பு பொரிந்து உதிரும் நிலையில் இருந்தால், அதன்மேல் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் பெயின்ட் சுண்ணாம்போடு சேர்ந்து பெயர்ந்துவிடும். பாலிமர் பிலிமின் மேற்பரப்பிலும் இப்படி ஒரு நலிந்த அடுக்கு இருப்பதுண்டு. குட்டையான சங்கிலிகள், தயாரிப்பில் சேர்த்த எண்ணெய்ப் பொருட்கள், எந்திரம் கீறி அறுந்த இழைகள் எல்லாம் அங்கே தங்கியிருக்கும். டெஃப்லான் விஷயத்தில் இது பெரிய தலைவலி. டெஃப்லான் 327 டிகிரியில் உருகினாலும் மற்ற பிளாஸ்டிக்குகள் மாதிரி குழம்பாகி ஓடாது. ஆகவே தூளை அழுத்தி, சூட்டில் இறுக்கி, தடித்த உருளையாக்கி, லேத்தில் சுழலவிட்டு, கூரிய கத்தியால் அதைத் தொடர்ந்து சீவியே பிலிம் எடுக்கிறார்கள். கத்தியின் கீறல்களும் நுண்குழிகளும் பிலிம் முழுக்கப் பதிந்திருக்கும். பசை இந்த அடுக்கைப் பிடித்தாலும், அடுக்கு தன் அடியிலுள்ள பிலிமைப் பிடிக்காது.

பிளாஸ்மா வருவதற்கு முன்பே இதற்கு இரண்டு வழிகள் இருந்தன. முதலாவது, ஒட்டும் பொருளில் பிடிப்பை உண்டாக்குவது. பிரான்சின் மார்க் கிரெகுவார் 1954இல் அலுமினியப் பாத்திரத்தை அமிலத்தால் அரித்து, நுண்ணிய குழிகளை ஏற்படுத்தி, அவற்றுக்குள் டெஃப்லானைப் புகுத்தி இறுக்கினார். டெஃபால் நிறுவனத்தின் பாத்திரங்கள் இதிலிருந்து பிறந்தவை. தவாவின் பூச்சு உலோகத்தோடு வேதியியல் முறையில் சேர்ந்திருக்கவில்லை, குழிகளில் மாட்டிக்கொண்டிருந்தது. தயாரான பிலிமுக்கு இந்த வழி உதவாது.

இரண்டாவது வழி சோடியம். சோடிய உலோகத்தைத் திரவ அமோனியாவிலோ, நாஃப்தலீன் சேர்த்து ஒரு கரிமக் கரைப்பானிலோ கரைத்து அதில் பிலிமை முக்கினால், சோடியம் பரப்பிலுள்ள ஃப்ளூரினைப் பிடுங்கிக்கொள்ளும். வெள்ளைப் பிலிம் பழுப்பாகிவிடும். அந்தப் பழுப்பு அடுக்கில் பசை அபாரமாகப் பிடிக்கும். ஒட்டின் வலிமையை மட்டும் பார்த்தால் சோடிய முறையை முந்துவது பிளாஸ்மாவுக்கு இன்றும் எளிதல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் சோடியம் தண்ணீர் பட்டாலே தீப்பற்றும். கரைசல் எரியக்கூடியது, கழிவு நச்சானது. பதப்படுத்திய பரப்பு புறஊதா ஒளியில் வலுவிழக்கும் என்பதால் பிலிமைக் கறுப்புப் பையில் கட்டி வைக்க வேண்டும். நிறம் மாறுவதும் பல பயன்பாடுகளில் ஏற்கத்தக்கதல்ல. இவ்வளவு இடர்ப்பாடுகளும் சேர்ந்துதான் ஈரமில்லாத, கரைசலில்லாத ஒரு வழியைத் தேட வைத்தன.

வாயுவில் போதிய மின்னழுத்தம் செலுத்தினால் சில மூலக்கூறுகளிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து, எலக்ட்ரான், அயனி, நடுநிலை அணு எல்லாம் கலந்த நிலை உருவாகும். இந்த நிலைக்கு 1928இல் பிளாஸ்மா என்று பெயரிட்டவர் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர். மின்னலும் வெல்டிங் மின்வில்லும் சுடும் பிளாஸ்மாக்கள். பிலிமின்மேல் பட்டால் அது பொசுங்கிவிடும். இங்கே பயன்படுவது குளிர் பிளாஸ்மா. எலக்ட்ரான், புரோட்டானைவிட 1,836 மடங்கு லேசானது. கனத்த மூலக்கூறுகளில் மோதும்போது அது தன் இயக்க ஆற்றலில் மிகச் சிறு பகுதியைத்தான் அவற்றுக்குக் கொடுக்கும். அதனால் எலக்ட்ரான்கள் மட்டும் சில எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலோடு, அதாவது பல்லாயிரம் டிகிரி வெப்பநிலைக்குரிய வேகத்தோடு அலைய, வாயு அறை வெப்பநிலையை ஒட்டியே இருக்க முடிகிறது. பிலிம் உருகாமல், அதன் பிணைப்புகளை மட்டும் அறுக்க வழி கிடைப்பது இந்த ஏற்றத்தாழ்வால்தான்.

கருவி பார்ப்பதற்கு எளியது. ஓர் அறையிலிருந்து காற்றை உறிஞ்சி அழுத்தத்தை வளிமண்டலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கி, வேண்டிய வாயுவைச் சிறிதளவு விட்டு, மின்முனைகளுக்கு வினாடிக்குப் பல்லாயிரம் அதிர்வுகள் முதல் 1.356 கோடி அதிர்வுகள் வரை கொண்ட மாறுதிசை மின்னழுத்தம் கொடுக்கிறார்கள். அறை ஒளிரத் தொடங்கும். வாயுவுக்கேற்ப நிறம் மாறும். பிலிம் ஒரு சுருளிலிருந்து அவிழ்ந்து, ஒளிரும் பகுதியைக் கடந்து, மறு சுருளில் சுற்றிக்கொள்ளும். பதப்படுத்தும் நேரம் சில வினாடிகள் முதல் சில நிமிடங்கள் வரை.

அந்த நேரத்தில் பரப்பில் நடப்பவை பல. எண்ணெய், தூசி, விரல்பட்ட அழுக்கு ஆகியவற்றை ஆக்சிஜன் பிளாஸ்மா எரித்து வாயுவாக்கி வெளியேற்றுகிறது. அயனிகளும், பிளாஸ்மா உமிழும் புறஊதா ஒளியும் சங்கிலியின் பிணைப்புகளை அறுக்கின்றன; அறுந்த இடங்களில் இணை கிடைக்காத எலக்ட்ரானோடு தனி உறுப்புகள் உருவாகின்றன. அருகருகே இருக்கும் தனி உறுப்புகள் தங்களுக்குள் இணைந்தால் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பிணைப்பு ஏற்பட்டு நலிந்த அடுக்கு இறுகும். ஆக்சிஜனோடோ நைட்ரஜனோடோ சேர்ந்தால் ஹைட்ராக்சில், கார்பாக்சில், அமீன் போன்ற முனைவுத்தன்மை கொண்ட தொகுதிகள் பரப்பில் முளைக்கும். பசையும் மையும் பற்றிக்கொள்வது இவற்றைத்தான். கூடவே பரப்பு நானோமீட்டர் அளவில் சற்றே கரடாகி, பசைக்குக் கூடுதல் இடம் கொடுக்கிறது.

இவற்றில் குறுக்குப் பிணைப்பின் பங்கை முதலில் எடுத்துக்காட்டியவர்கள் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஹான்சனும் ஷான்ஹார்னும். 1966இல் அவர்கள் ஹீலியம், ஆர்கான் போன்ற மந்த வாயுக்களின் பிளாஸ்மாவில் பாலிமர்களை வைத்து எடுத்தார்கள். இந்த வாயுக்கள் வேதிவினையில் பங்கேற்பதில்லை. இருந்தும் பாலிஎத்திலீனின் ஒட்டும் வலிமை பெரிதும் கூடியது. பரப்பு ஆற்றலை உயர்த்தினால் ஒட்டு தானாக வந்துவிடும் என்ற எண்ணத்துக்கு அந்த ஆய்வு ஒரு திருத்தம். பரப்பு பசையை வரவேற்பது எவ்வளவு முக்கியமோ, பரப்புக்கு அடியிலுள்ள அடுக்கு இழுவிசையைத் தாங்குவதும் அவ்வளவு முக்கியம்.

இத்தனை மாற்றமும் மேலேயுள்ள சில நானோமீட்டர் ஆழத்துக்குள் முடிந்துவிடுகிறது. 50 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள பிலிமில் 10 நானோமீட்டர் என்பது ஐயாயிரத்தில் ஒரு பங்கு. மீதமுள்ள பிலிமின் வலிமை, ஒளிபுகும் தன்மை, மின்காப்பு, வேதிப்பொருள் தாங்கும் திறன் எதுவும் மாறுவதில்லை. முறையின் முழு மதிப்பும் இந்த மேலோட்டமான தன்மையில்தான் இருக்கிறது.

பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன் பிலிம்களுக்கு வெற்றிட அறைகூடத் தேவையில்லை. டென்மார்க் பொறியாளர் வெர்னர் ஐஸ்பி 1951இல் உருவாக்கிய கொரோனா முறை இன்றைக்கும் பேக்கேஜிங் ஆலைகளின் அன்றாடக் கருவி. காப்பிட்ட உருளைக்கும் ஒரு மின்முனைக்கும் இடையே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் காற்று இடைவெளி விட்டு, பல ஆயிரம் வோல்ட் கொடுத்தால் காற்றே பிளாஸ்மாவாகும். பிலிம் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கான மீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டே பதமாகும். பரப்பு ஆற்றல் 30லிருந்து 38 அல்லது 42க்கு ஏறினால் அச்சுக்குப் போதும். கொரோனாவின் குறை, மின்சாரம் மெல்லிய கீற்றுகளாகப் பாய்வது. கீற்று விழுந்த இடம் அதிகமாகவும் விழாத இடம் குறைவாகவும் பதமாகும். மெல்லிய பிலிமில் ஊசித்துளைகூட விழும். ஹீலியத்தைப் பயன்படுத்தி, வளிமண்டல அழுத்தத்திலேயே கீற்றுகள் இல்லாத சீரான பிளாஸ்மாவைப் பெறலாம் என்று 1988இல் டோக்கியோவின் சோஃபியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒகாசாகி, கொகோமா குழுவினர் காட்டினார்கள்.

டெஃப்லானிடம் கொரோனா பலிப்பதில்லை. ஆக்சிஜன் பிளாஸ்மாவும் எதிர்பார்த்ததைச் செய்வதில்லை. சில வேளை நேர்மாறாகச் செய்கிறது. ஆக்சிஜன் பட்டதும் டெஃப்லான் சங்கிலிகள் அறுந்து துண்டுதுண்டாகி வாயுவாகப் பறந்துவிடுகின்றன. முனைவுத் தொகுதிகள் தங்குவதற்கு முன்பே அவற்றைத் தாங்கும் அடுக்கு காணாமல் போகிறது. கீழே இருந்து புதுசாக வெளிப்படுவதும் அதே டெஃப்லான்தான். நேரம் கூடக்கூடப் பரப்பு ஊசிமுனைக் காடாகக் கரடாகி, பழைய டெஃப்லானைவிடத் தண்ணீரை அதிகமாக விரட்டத் தொடங்கும். பாலிஎத்திலீனுக்கு நல்ல பலன் தந்த செய்முறையை அப்படியே டெஃப்லானுக்கு மாற்றுகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

டெஃப்லானுக்கு ஏற்றவை ஹைட்ரஜனும் அமோனியாவும். ஹைட்ரஜன் அணு பரப்பிலுள்ள ஃப்ளூரினோடு சேர்ந்து ஹைட்ரஜன் ஃப்ளூரைடு வாயுவாக வெளியேறுகிறது. காலியான இடத்தில் ஹைட்ரஜன் அமர்கிறது, அல்லது சங்கிலிகள் குறுக்கே பிணைகின்றன. அமோனியாவாக இருந்தால் நைட்ரஜன் தொகுதிகளும் கிடைக்கும். சர்க்யூட் போர்டு ஆலைகள் துளைகளில் செம்பு முலாம் பூசுவதற்கு முன் இத்தகைய வாயுக் கலவைகளைக் கையாள்கின்றன. பிளாஸ்மாவை முதல் படியாக மட்டும் வைத்துக்கொள்ளும் வழியும் உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் காங், நியோ ஆகியோரின் குழு ஆர்கான் பிளாஸ்மாவில் டெஃப்லானைப் பதப்படுத்தி, பிறகு அதில் வேறு பாலிமர்ச் சங்கிலிகளை ஒட்டு மரத்துக் கிளையாக வளர்த்தது. பிடிப்பைக் கொடுப்பது அந்தப் புதிய சங்கிலிகள்தாம்.

ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தில் ஓகுபோ, யமமுரா குழுவினர் 2017இல் வெளியிட்ட வழி இவற்றுள் தனித்து நிற்கிறது. டெஃப்லான் பிலிமை 200 டிகிரிக்கு மேல் சூடாக்கிக்கொண்டே ஹீலியம் பிளாஸ்மாவில் பதப்படுத்தினார்கள். சூட்டில் சங்கிலிகள் அசையும். அறுந்த முனைகள் ஒன்றையொன்று தேடிச் சேரும். கத்திக் கீறல்களோடு இருந்த நலிந்த அடுக்கு இறுகிவிடும். அப்படிப் பதமான பிலிமின்மேல் பியூட்டைல் ரப்பரை வைத்துச் சூடாக்கி அழுத்தியபோது, பசையே இல்லாமல் இரண்டும் ஒட்டின. சிரிஞ்சு அடைப்பானுக்கு இது மிகப் பொருத்தம், ஏனென்றால் மருந்தருகே பசை என்ற மூன்றாவது பொருளே வேண்டாமல் போகிறது.

பதம் சரியாக விழுந்ததா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பிலிம் முன்பு இருந்தது மாதிரியே தெரியும். ஆலைகளில் டைன் மை என்ற திரவத்தைத் தடவிப் பார்க்கிறார்கள். ஒவ்வொரு பரப்பு ஆற்றல் எண்ணுக்கும் ஒரு புட்டி. தடவிய கோடு இரண்டு வினாடி உடையாமல் நின்றால் பிலிம் அந்த எண்ணை எட்டிவிட்டது என்று பொருள். ஆய்வகத்தில் தண்ணீர்த் துளியின் சேர்கோணத்தை அளப்பார்கள். பரப்பில் எந்த அணுக்கள், எந்தப் பிணைப்பில் இருக்கின்றன என்று அறிய எக்ஸ்-கதிர் ஒளி எலக்ட்ரான் நிறமாலையியல் உதவுகிறது. இதை வளர்த்தெடுத்த ஸ்வீடன் இயற்பியலாளர் கை சீக்பானுக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. டெஃப்லானில் ஒரு கார்பனுக்கு இரண்டு ஃப்ளூரின் என்ற விகிதம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அதில் நேரடியாகப் படிக்கலாம். ஆயினும் இவை எல்லாம் பரப்பைப் பற்றிய சான்றுகளே தவிர ஒட்டைப் பற்றியவை அல்ல. பட்டையாக ஒட்டி, இழுத்து உரித்து, எத்தனை நியூட்டன் தாங்குகிறது என்று அளக்கும் உரிப்புச் சோதனைதான் இறுதித் தீர்ப்பு. டைன் எண் நன்றாக இருந்தும் உரிப்பில் தோற்கும் பிலிம்கள் உண்டு.

அப்படித் தோற்பதற்கு ஒரு முக்கியக் காரணம் மிகைப்பதம். அளவுக்கு மேல் பிளாஸ்மா பட்டால் சங்கிலிகள் பொடிப்பொடியாகி, ஆக்சிஜன் ஏறிய குட்டைத் துண்டுகள் பரப்பில் தேங்கும். தண்ணீர் அதில் நன்றாகப் பரவும்; டைன் எண் உயரும்; ஆனால் உண்டானது இன்னொரு நலிந்த அடுக்கு. தண்ணீரில் கழுவினால் கரைந்துபோய்விடும். மிகைப்பதமான பிலிம் சுருளுக்குள்ளேயே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதும் உண்டு. உருளைக்கும் பிலிமுக்கும் இடையே காற்று புகுந்தால் வேண்டாத பின்பக்கமும் பதமாகிவிடும்.

காலமும் எதிரி. பதமான பரப்பில் முனைவுத் தொகுதிகள் நாளடைவில் சங்கிலி திரும்பிக்கொள்வதால் உள்ளே போய்விடுகின்றன. பிலிமில் வழுக்கலுக்காகச் சேர்த்த பொருட்கள் மெல்ல மேலேறிப் பரப்பை மூடுகின்றன. சில மணி நேரத்திலிருந்து சில வாரங்களுக்குள் பலன் கரையத் தொடங்கும். கிடங்கின் சூடு அதை விரைவுபடுத்தும். ஆகவே பதப்படுத்திய உடனே, கூடுமானால் அதே வரிசையில், அச்சடிப்பதோ பசை தடவுவதோ வழக்கம். ஒருமுறை பசையோடு பிணைந்துவிட்டால் தொகுதிகள் பசையோடு கட்டுண்டு நின்றுவிடும். இந்தத் தேய்வு பெரும்பாலும் நின்றுவிடும்.

கரைசல் இல்லை என்பதால் பிளாஸ்மாவில் ஆபத்தே இல்லை என்று கொள்ளக்கூடாது. காற்றில் இயங்கும் கொரோனா ஓசோனை உண்டாக்குகிறது. அதை உறிஞ்சி, வினையூக்கி வழியே செலுத்திச் சிதைத்த பிறகே வெளியே விட வேண்டும். ஃப்ளூரோபாலிமரில் ஹைட்ரஜனோ அமோனியாவோ பட்டால் வெளிவரும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு நுரையீரலையும் எலும்பையும் தாக்கும் நஞ்சு, கண்ணாடியையே அரிக்கக்கூடியது. வெளியேறும் வாயுவைக் காரக் கரைசலில் கழுவும் ஏற்பாடு இல்லாமல் இந்தப் பணியைத் தொடங்கக்கூடாது. வெற்றிட அறையும் பம்புகளும் விலை கூடியவை. அகலமான பிலிமுக்கு அறையும் பெரிதாக வேண்டும். எனவே கனத்த தொட்டிப் பூச்சுகளும் ஒட்டின் வலிமையே முதன்மையான பிற வேலைகளும் இன்னும் பெரும்பாலும் சோடிய முறையிலேயே நடக்கின்றன. நிறம் மாறக்கூடாத, தூய்மை தவறக்கூடாத, மெல்லிய பிலிம்களான மருத்துவப் பொருட்களும் மின்னணுப் பொருட்களும் பிளாஸ்மாவின் பக்கம் வந்திருக்கின்றன.